ஆலிவ் மகரந்த ஒவ்வாமைக்கு இம்யூனோதெரபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலிவ் மரம் பூக்கிற சில வாரங்கள் மட்டும் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, ராத்திரியில் மூச்சு இழுத்து அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையும் ஸ்பிரேயும் போதவில்லை என்றால் டாக்டர் ஒருநாள் இம்யூனோதெரபி என்ற பேச்சை எடுப்பார். எந்த மகரந்தம் ஆகவில்லையோ அதையே கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் செலுத்திப் பழக்குகிற சிகிச்சை அது. கேட்டதும் வயிற்றைக் கலக்குவது இயல்புதான். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது, பாதி தேவையில்லாதது. எந்தப் பாதி எது என்பதைப் பற்றித்தான் கீழே உள்ள கேள்விகள்.

ஆலிவ் மரம் அப்படி என்ன செய்கிறது?

ஆலிவ் காற்றை நம்பி மகரந்தம் பரப்புகிற மரம். பூச்சி வந்து எடுத்துப்போகட்டும் என்று காத்திராமல் கொட்டித் தீர்த்துவிடும். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதன் காலம், மே மாதம் உச்சம். தென்கோளத்தில், உதாரணத்துக்கு அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும், அக்டோபர், நவம்பரை ஒட்டி வரும். ஸ்பெயினின் தெற்கே ஹாயேன் மாகாணத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆலிவ் தோப்புதான். அங்கே உச்ச நாட்களில் ஒரு கன மீட்டர் காற்றில் மகரந்தத் துகள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அழகுக்காக ஆலிவை நட்ட ஊர்களும் தப்பவில்லை. லாஸ் வேகாஸ் இருக்கிற கிளார்க் கவுண்டியில் ஐரோப்பிய ஆலிவ் மரம் நடுவதற்கு 1991-லேயே தடை போட்டுவிட்டார்கள்.

ஒவ்வாமையைக் கிளப்புவது மகரந்தத்தில் உள்ள புரதங்கள். அவற்றில் முக்கியமானது ஓலே ஈ 1. ஆலிவ் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வினை இதனால்தான். ஆஷ், பிரிவெட், லைலாக் மரங்களும் ஆலிவின் சொந்தக்காரர்கள். புரதங்கள் ஒத்திருப்பதால் ஒன்று ஆகாதவருக்கு இன்னொன்றும் தொந்தரவு தரலாம். (மல்லிகையும் இதே குடும்பம்தான். ஆனால் அது பூச்சியை நம்புகிற பூ, காற்றில் கொட்டாது.)

ஆலிவ் எண்ணெய், ஆலிவ் காய் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். மகரந்த ஒவ்வாமையும் உணவு ஒவ்வாமையும் வேறு வேறு. ஆலிவ் காயோ வேறு பழமோ சாப்பிட்டு வாய் அரித்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையில் அடங்குகிறதே, அப்புறம் இது எதற்கு?

அடங்குகிறது என்றால் தேவையே இல்லை. வருடத்தில் 6 வாரம் ஒரு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையிலும் மூக்கு ஸ்பிரேயிலும் நிம்மதியாக ஓடிவிடுகிறது என்றால், 3 வருடச் சிகிச்சைக்குள் போக அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து. மருந்து போட்டும் தூக்கம் கெடுகிறது, வேலை கெடுகிறது, மருந்தின் பக்கவிளைவு தாங்கவில்லை, அல்லது மூக்கோடு நின்றது இப்போது நெஞ்சுக்கு இறங்குகிறது என்பவர்களுக்குத்தான் இது. மருந்துகள் அறிகுறியை அமுக்கிவைக்கும். ஒவ்வாமையின் போக்கையே மாற்றுகிற சிகிச்சை இது ஒன்றுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வாமை உள்ளவர் உடம்பு மகரந்தத்தை எதிரியாக எண்ணி ஐஜி-ஈ என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கும். அளவு பார்த்துத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது உடம்பு வேறு பாதைக்குத் திரும்புகிறது. எதிர்ப்பை அடக்கிவைக்கிற டி-செல்கள் (ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை) பெருகுகின்றன. ஐஜி-ஜி4 என்ற இன்னொரு வகை எதிர்ப்புரதம் உருவாகி, மகரந்தப் புரதம் ஐஜி-ஈயைப் போய்ச் சேரும் முன்பே குறுக்கே நின்று பிடித்துக்கொள்கிறது.

இது புதுச் சமாச்சாரம் இல்லை. 1911-ல் லண்டனில் லெனார்டு நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்ததில் தொடங்கியது. நோயாளிக்கு எவ்வளவு தாங்கும் என்று அறிய, சாற்றைக் கண்ணில் சொட்டிச் சிவக்கிறதா என்று பார்த்தார். அளவு தெரியாமல் கை வைக்கக் கூடாது என்பது இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்த பாடம்.

தோல் பரிசோதனையில் ஆலிவ் பாசிட்டிவ். உடனே ஆரம்பித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மகரந்தச் சாற்றைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்த்ததில் தடிப்பு வந்தாலே அந்த மகரந்தம்தான் உங்களை வாட்டுகிறது என்று ஆகிவிடாது. தொந்தரவு வருகிற மாதமும் ஆலிவ் பூக்கிற மாதமும் பொருந்த வேண்டும். பிப்ரவரியில் தும்முகிறவருக்கு ஆலிவ் ஊசி போட்டு என்ன பயன்?

இன்னொரு சிக்கலும் உண்டு. புரோஃபிலின், பால்கால்சின் என்று சில புரதங்கள் எல்லா மகரந்தத்திலும் பொதுவாக இருப்பவை. இவற்றுக்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் பரிசோதனையில் ஆலிவ், புல், களை எல்லாமே வரிசையாகத் தடிக்கும். கையைப் பார்த்தால் உலகத்தில் எதுவுமே ஆகாது போலிருக்கும்! அப்படிப்பட்டவருக்கு ஆலிவ் சாறு கொடுத்தால் பலன் சந்தேகம்தான். ஓலே ஈ 1-க்குத் தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால் உண்மையான ஆலிவ் ஒவ்வாமையா என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சில் ஓலே ஈ 7, ஓலே ஈ 9 என்ற இரண்டையும் விட முடியாது. ஆலிவ் மகரந்தம் மிக அதிகமாக உள்ள வட்டாரங்களில் வசிப்பவர்களிடம் இவை கூடுதலாகத் தெரிகின்றன. இவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நோயும் கடுமையாக இருக்கும், சிகிச்சையின்போது எதிர்விளைவு வரும் வாய்ப்பும் அதிகம் என்று ஸ்பானிஷ் மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். சிகிச்சையே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. டோஸை மெதுவாக ஏற்ற வேண்டும், கண்காணிப்பு கூட வேண்டும்.

தோல் பரிசோதனைக்குப் போகும் முன் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் தடிப்பு வராது, பரிசோதனை வீண்.

ஊசி நல்லதா, நாக்குக்கு அடியில் வைப்பது நல்லதா?

இரண்டுமே வேலை செய்யும். ஊசி என்றால் மேல்கையின் பின்புறம் தோலுக்கு அடியில் போடுவார்கள். வழக்கமான முறையில் முதல் சில மாதங்கள் வாரம் ஒன்று என்று டோஸ் ஏறும். நிலையான டோஸுக்கு வந்த பிறகு மாதம் ஒன்று. சாற்றைப் பக்குவப்படுத்தி ஐஜி-ஈ சுலபமாகப் பிடிக்க முடியாதபடி செய்த அலர்ஜாய்டு வகை என்றால் குறைந்த ஊசிகளிலேயே அந்த டோஸை எட்டிவிடலாம்.

நாக்குக்கு அடியில் என்றால் தினமும் வீட்டிலேயே எடுத்துக்கொள்வது. புல், ராக்வீட் என்ற களைச்செடி, தூசிப்பூச்சி போன்றவற்றுக்கு மாத்திரை வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. ஆலிவுக்குப் பெரும்பாலும் சொட்டுதான். கடுமையான எதிர்விளைவு ஊசியைவிட இதில் குறைவு. ஆனால் நாள் தவறாமல் எடுக்க வேண்டும், முதல் மாதம் இருக்கிற ஆர்வம் ஆறாம் மாதம் இருப்பதில்லை. மாதம் ஒருமுறை போய் உட்காரத் தயார் என்பவருக்கு ஊசி. தினமும் பல் தேய்ப்பதுபோல் மறக்காமல் செய்வேன் என்பவருக்குச் சொட்டு.

உயிருக்கு ஆபத்து உண்டா?

மறைக்காமல் சொல்வதென்றால், உண்டு. மிக மிக அரிது. அமெரிக்காவில் 1990 முதல் 2001 வரை நடந்ததைக் கணக்கெடுத்தபோது சுமார் 25 லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் மரணம் நிகழ்ந்திருந்தது. தடிப்பு, தும்மல், மூச்சுத் திணறல் என்று உடம்பு முழுக்கப் பரவும் எதிர்விளைவுகள் ஆயிரம் ஊசிக்கு ஒன்றிரண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை லேசானவை.

இந்த எண்களைவிடப் பிரிட்டனில் நடந்தது நமக்கு அதிகம் சொல்லும். 1957 முதல் ஒவ்வாமை ஊசியால் 26 பேர் இறந்திருந்தார்கள் என்று 1986-ல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. எதற்காக ஊசி போட்டார்கள் என்ற விவரம் 17 பேருக்குக் கிடைத்தது. அதில் 16 பேருக்கு ஆஸ்துமா. அதன் பிறகு உயிர்காக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டுமே ஊசி, போட்டபின் 2 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பின்னாளில் அது 1 மணி நேரமாகக் குறைந்தது.

அந்த 16 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஊசி போடுகிற அன்று மூச்சு எப்படி இருக்கிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய கேள்வி.

யார் எடுக்கக் கூடாது?

கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் முதல் நொடியில் வெளியேறும் மூச்சின் அளவு, இருக்க வேண்டியதில் 70 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பொதுவாக ஊசி போட மாட்டார்கள். ஆஸ்துமா இருப்பதே தடை இல்லை, அடங்காமல் இருப்பதுதான் தடை. மருந்தால் சீராக்கிக்கொண்டு திரும்ப வரலாம்.

தீவிரமாக இருக்கிற தன்னெதிர்ப்பு நோய் (உடம்பு தன்னையே தாக்குவது), சிகிச்சையில் உள்ள புற்றுநோய், கடுமையான இதய நோய் உள்ளவர்களும் டாக்டருடன் உட்கார்ந்து பேசாமல் ஆரம்பிக்கக் கூடாது. இயோசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சி (ஒவ்வாமை சார்ந்த உணவுக்குழாய் வீக்கம்) உள்ளவர்களுக்கு நாக்கடிச் சொட்டு கூடாது.

அப்புறம் பீட்டா பிளாக்கர். ரத்த அழுத்தம், படபடப்பு, ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம் என்று பல காரணங்களுக்குக் கொடுக்கிற மருந்து. ஏதாவது ஆகிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது அட்ரினலின். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். இதில் பலருக்குத் தோன்றாத ஒன்று: கண் அழுத்த நோய்க்குப் போடுகிற டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று நர்ஸ் கேட்கும்போது கண்ணில் விடுகிற சொட்டு யாருக்கு ஞாபகம் வரும்? வர வேண்டும். ஏஸ் தடுப்பான் வகை ரத்த அழுத்த மாத்திரை என்றால் அதையும் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவும் கூடாது.

ஊசி அன்று என்னென்ன சொல்ல வேண்டும்?

உள்ளே போய்க் கையை நீட்டும் முன் சொல்ல வேண்டியவை இவை. கடந்த ஒரு வாரத்தில் இளைப்போ ராத்திரி இருமலோ இருந்ததா, இன்ஹேலர் வழக்கத்தைவிட அதிகம் தேவைப்பட்டதா? காய்ச்சல், சளி இருக்கிறதா? போன ஊசிக்குப் பிறகு வீட்டுக்குப் போனபின் ஏதாவது ஆனதா? புதிதாக மருந்து ஆரம்பித்தீர்களா? வேறு தடுப்பூசி அண்மையில் போட்டீர்களா? கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா?

நிறைய பேர் லேசான இளைப்பைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்றைக்குப் போட மாட்டார்கள், இன்னொரு நாள் லீவு எடுத்து வர வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. ஒரு வாரம் தள்ளிப்போனால் சிகிச்சைக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சின் வேகத்தை அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிக் காட்டிவிட்டே கையை நீட்டுங்கள். அங்கே ஊதச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஊசிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் ஓட்டம், ஜிம், வெந்நீர்க் குளியல், மது எதுவும் வேண்டாம். ரத்த ஓட்டம் கூடினால் மருந்தும் வேகமாகப் பரவும்.

நர்ஸ் குப்பியைக் காட்டிப் பெயரைச் சரிபார்க்கச் சொல்கிறார். அது என் வேலையா?

உங்கள் வேலையும்தான். எதிர்விளைவுகளில் ஒரு பங்கு தவறான குப்பி, தவறான டோஸ், தவறான ஆள் என்ற கைப்பிழையால் வருவது. ஒரே மாதிரியான சின்னக் கண்ணாடிக் குப்பிகள் தட்டில் வரிசையாக நிற்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்து மடங்கு வீரிய வித்தியாசம். அமெரிக்காவில் மூடியின் நிறத்தை வைத்து இதைப் பிரிக்கிறார்கள்: சிவப்பு முழு வீரியம், மஞ்சள் அதில் பத்தில் ஒன்று, நீலம் நூறில் ஒன்று, பச்சை ஆயிரத்தில் ஒன்று, வெள்ளி நிறம் பத்தாயிரத்தில் ஒன்று. பச்சைக்குப் பதில் சிவப்பு கைக்கு வந்தால் ஆயிரம் மடங்கு!

அதனால் லேபிளில் உங்கள் பெயர், பிறந்த தேதி, எந்தச் சாறு, எந்த வீரியம், காலாவதித் தேதி இவற்றைப் பார்த்துவிட்டு, இன்றைய டோஸ் எவ்வளவு, போன தடவை எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பார்க்கலாம்.

ஊர் மாறி வேறு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் அளவு அலகும் இன்னொரு கம்பெனியின் அலகும் ஒன்று இல்லை. அங்கே 100 போட்டார்கள், இங்கேயும் 100 போடுங்கள் என்பது ஆபத்தான பேச்சு. கம்பெனி மாறினால் கீழிருந்து ஏற வேண்டியிருக்கும். அதே மருந்தில் புதுக் குப்பி திறந்தாலும் முதல் தடவை டோஸைக் குறைப்பது வழக்கம். பழைய குப்பியில் நாளாக ஆக வீரியம் இறங்கியிருக்கும், புதியதில் முழுசாக இருக்கும்.

ஊசி போட்டபின் 30 நிமிடம் அங்கேயே கண்டிப்பாக உட்கார வேண்டுமா? எனக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லையே?

உட்கார வேண்டும். கடுமையான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் 30 நிமிடத்துக்குள் தலைகாட்டிவிடும். பத்தாவது நிமிடம் பார்க்கிங்கில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தால், உள்ளே அட்ரினலின் இருந்து என்ன பிரயோசனம்? இருபது தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இருபத்தொன்றாவது தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

என்ன அறிகுறி வந்தால் சொல்ல வேண்டும்?

உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு. திடீரென்று தும்மல் அடுக்கிக்கொண்டு வருவது. உடம்பில் தடிப்பு, முகம் சிவப்பது, தொண்டையில் ஏதோ அடைப்பது, குரல் கம்முவது, இருமல், நெஞ்சு இறுக்கம், வயிற்றைப் பிசைவது, தலை சுற்றல். சிலர் "என்னமோ சரியில்லை, ஏதோ ஆகப் போகிறது" என்பார்கள், வேறு ஒன்றும் இருக்காது. அதையும் நம்ப வேண்டும். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று சும்மா இருக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். பாத்ரூமுக்குத் தனியாகப் போய் முகம் கழுவப் பார்க்காதீர்கள்.

வீட்டில் இருக்கும்போது அப்படி ஆனால்?

தாமதமாக வருவதும் உண்டு. மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, மயக்கம் என்றால் முதல் மருந்து அட்ரினலின், ஆன்டிஹிஸ்டமின் இல்லை. டாக்டர் அட்ரினலின் பேனா (நாமே குத்திக்கொள்ளும் ஊசி) கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்பக்கம் நடுவில், துணிக்கு மேலேயே குத்தலாம். குத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். படுத்துக் காலை உயர்த்திக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டுகிறது என்றால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கக் கூடாது. 5 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இரண்டாவது பேனா. சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் மறுபடி தலைதூக்கலாம்.

ஊசி போட்ட இடம் வீங்கி அரிக்கிறது. இதுவும் ஆபத்தா?

இல்லை. மிகச் சாதாரணம். ஐஸ் ஒத்தடமும் ஆன்டிஹிஸ்டமினும் போதும். உள்ளங்கை அளவுக்கு வீங்கினாலோ மறுநாளும் வற்றாமல் இருந்தாலோ அடுத்த தடவை ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.

சொட்டு மருந்தை வீட்டில் எப்படி எடுப்பது?

முதல் டோஸ் மட்டும் டாக்டர் முன்னிலையில், அரை மணி நேரம் காத்திருந்து. பிறகு வீட்டில். நாக்குக்கு அடியில் விட்டு ஓரிரண்டு நிமிடம் வைத்திருந்து விழுங்குங்கள், அதன் பிறகு 5 நிமிடம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். முதல் சில நாட்கள் வாய் அரிக்கும், நாக்கடி லேசாகத் தடிக்கும், தொண்டை கரகரக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். ஓரிரு வாரத்தில் அந்த அரிப்பே வராது.

பல் பிடுங்கியிருக்கிறீர்கள், வாயில் புண், வயிற்றுப்போக்கு, ஆஸ்துமா கிளம்பியிருக்கிறது என்றால் சொட்டை நிறுத்தி வையுங்கள். வாயில் காயம் இருந்தால் மருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடும். விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பதும் எரிவதும் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்காமல் மேலே எடுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன மருந்து என்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும், ஃப்ரீசருக்குள் போகக் கூடாது. தனியாக இருக்கும்போது எடுக்காமல், வீட்டில் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்து எடுப்பது நல்லது.

பூக்கும் காலத்தில் ஊசியை நிறுத்த வேண்டுமா?

டோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கட்டத்தை ஆலிவ் சீசனுக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது. காற்றில் வருவதும் ஊசியில் போவதும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் சீசனுக்குப் பல மாதம் முன்பே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். நிலையான டோஸில் இருப்பவர்களுக்குச் சீசனில் அளவைக் குறைத்துத் தொடர்வதும் உண்டு, அப்படியே தொடர்வதும் உண்டு. மூக்கும் கண்ணும் கொப்பளிக்கிற நாளில் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

ஒரு டோஸ் தவறிவிட்டது.

சேர்த்து இரண்டாக எடுக்கக் கூடாது. சொட்டு ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கம்போல. ஊசியில் இடைவெளி நீள நீள டோஸைக் கீழே இறக்கித்தான் தொடங்குவார்கள். எத்தனை வாரம் ஆயிற்று என்று சரியாகச் சொல்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

கர்ப்பமாக இருக்கும்போது?

புதிதாக ஆரம்பிக்க மாட்டார்கள். ஏற்கெனவே நிலையான டோஸில் நன்றாகத் தாங்கிக்கொண்டிருப்பவர் தொடரலாம், டோஸை மேலே ஏற்ற மாட்டார்கள்.

குழந்தைகளுக்கு?

5 வயதுக்கு மேல் பொதுவாகக் கொடுக்கிறார்கள். வயதைவிட முக்கியம், தொண்டை ஒருமாதிரி இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஊசிக்குப் பதில் தேன் சாப்பிட்டால் பழகிவிடுமாமே?

தேனில் இருக்கிற மகரந்தத்தில் பெரும்பகுதி தேனீ போகிற பூக்களுடையது. உங்களைத் தும்ம வைப்பது காற்றில் வருகிற மகரந்தம். அளவும் தெரியாது, எந்த மகரந்தம் என்றும் தெரியாது. தேன் பிடித்தால் சாப்பிடுங்கள், சிகிச்சை என்று சொல்லாதீர்கள்.

எத்தனை வருடம்? எப்போது நிறுத்தலாம்?

குறைந்தது 3 வருடம். முதல் சீசனிலேயே சிலருக்கு வித்தியாசம் தெரியும். நன்றாக இருக்கிறது என்று அதோடு நிறுத்தினால் பலன் நிலைக்காது. 3 வருடம் முடித்தவர்களுக்கு நிறுத்திய பிறகும் சில வருடங்கள் பலன் நீடிக்கும். ஒரு வருடம் ஒழுங்காக எடுத்தும் ஒரு முன்னேற்றமும் இல்லை என்றால் இழுத்துக்கொண்டே போகத் தேவையில்லை. ஒவ்வொரு சீசனிலும் எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள், எத்தனை தடவை இன்ஹேலர் எடுத்தீர்கள் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். போன மே எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்கும்போது ஞாபகத்தை நம்பிச் சொன்னால் "பரவாயில்லை" என்றுதான் வாயில் வரும். காலண்டரில் இருப்பது நம்பராக இருக்கும்.